அணிலாடு முன்றிலார் யார்?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு எங்கள் ஊர் தனியார் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். முதுகலை ஆசிரியருக்கான டிஆர்பி தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் சில மதிப்பெண்ணில் கோட்டைவிட்டேன். இலக்கணமும் கல்வியியலும் எனக்குப் பயமில்லை. எந்த நூல் யாருடையது என்ற கேள்விகளில்தான் விழுகிறேன். பட்டியலை எத்தனையோ முறை எழுதிப் பார்த்தும், தேர்வறையில் ‘தமிழச்சி’ யாருடையது, ‘தமிழச்சியின் கத்தி’ யாருடையது என்று கை நடுங்குகிறது. ஒரு பக்கம் வீடும் இரண்டு பிள்ளைகளும், ஒரு பக்கம் படிப்பும் இழுக்க, நடுவில் நான் அறுந்துபோகிறேன். ஆசைப்பட்டுப் படித்த தமிழே கசக்கிறது. மூன்றாம் முறை எழுதவா, விட்டுவிடவா?
- ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: அன்பு மகளுக்கு,

‘நடுவில் நான் அறுந்துபோகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்திலேயே என் கண் நின்றுவிட்டது. நற்றிணை 284ஆம் பாட்டில் ஒருவன் இதையேதான் சொல்கிறான். பொருள் தேடி வெளியூர் போனவன் அவன். நெஞ்சு ‘அவளிடம் திரும்பிப் போ’ என்கிறது. அறிவு ‘எடுத்த வேலையைப் பாதியில் விட்டால் இகழ்ச்சி, அவசரப்படாதே’ என்கிறது. இரண்டு யானைகள் ஆளுக்கொரு முனையைப் பற்றி இழுக்கும், புரி தேய்ந்த பழங்கயிறு போல என் உடம்பு அழிந்துபோகுமோ என்று வருந்துகிறான். ‘தேய்புரிப் பழங்கயிறு’ என்ற அந்தத் தொடரே பாடியவருக்குப் பெயராகிவிட்டது: தேய்புரிப் பழங்கயிற்றினார். உங்கள் பட்டியலில் அவர் கட்டாயம் இருப்பார். இதுவரை அவர் உங்களுக்கு வெறும் பெயர். இனி அப்படி இருக்க மாட்டார்.

மூன்றாம் முறை எழுதுங்கள். ஆனால் பட்டியலைக் கீழே வைத்துவிட்டு எழுதுங்கள்.

சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பாட்டில் மின்னிய ஒரு தொடரை எடுத்தே அவர்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். செம்புலப் பெயனீரார், ஓரேருழவனார், மீனெறி தூண்டிலார், விட்ட குதிரையார், குப்பைக் கோழியார், கல்பொரு சிறுநுரையார் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான், எல்லாரும் குறுந்தொகைக்காரர்கள். தேர்வில் இவர்களைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பாட்டைப் படிக்காமல் இந்தப் பெயர்களை மட்டும் உருப்போடுவதுபோல வீண் வேலை வேறில்லை.

நான் பணியில் இருந்தபோது பதினொன்றாம் வகுப்பில் குறுந்தொகை 41ஐ நடத்தினேன். காதலன் அருகில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊர்போல் மகிழ்வேன், அவன் பிரிந்துபோனால்,

‘மக்கள் போகிய அணில்ஆடு முன்றில்
புலப்பில் போலப் புல்லென்று
அலப்பென் தோழி’

என்கிறாள் தலைவி. ஆட்கள் விட்டுவிட்டுப் போன வீடு. முற்றத்தில் அணில் விளையாடுகிறது. விரட்ட ஆளில்லாததால்தான் அது அங்கே ஆடுகிறது. கடைசி பெஞ்சில் ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், எங்க பக்கத்து வீடு இப்படித்தான் இருக்கு. எல்லாரும் திருப்பூருக்குப் போயிட்டாங்க, வாசல்ல அணில்தான் கிடக்கு” என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் அணிலாடு முன்றிலாரை நான் மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டி வரவில்லை. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளும் அந்தக் கேள்விக்குச் சரியாக எழுதினார்கள்.

இந்த முறை இக்கால இலக்கியத்துக்கும் செல்லும். உங்களைக் குழப்பும் அந்த இரண்டு நூல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘தமிழச்சியின் கத்தி’ பாரதிதாசனுடையது. செஞ்சியில் தேசிங்கு ஆண்ட காலத்துக் கதை. சுப்பம்மா என்ற பெண் மானத்துக்காகக் கத்தி எடுக்கிறாள். அந்தக் காவியத்தில் இருபது பக்கம் படித்தாலே அந்தக் கத்தி யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ‘தமிழச்சி’ வாணிதாசனுடையது. அவரும் புதுச்சேரிக்காரர், வில்லியனூர். சிறுவயதில் பாரதிதாசனிடமே படித்தவர். ‘கொடிமுல்லை’யும் அவருடையதுதான். கத்தி ஆசானிடம், கொடி மாணவரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரதிக்குத் தாசன் கனகசுப்புரத்தினம், சுப்புரத்தினத்துக்குத் தாசன் ராஜகோபாலன், அவரே சுரதா. ‘தேன்மழை’ எழுதிய உவமைக் கவிஞர். இப்படி ஒருவர் கையை இன்னொருவர் பிடித்து நிற்பதைப் பார்த்துவிட்டால் மூன்று பேரும் ஒன்றாகவே நினைவுக்கு வருவார்கள்.

பிசிராந்தையாரையும் சொல்லியாக வேண்டும். எனக்குப் பிடித்த மனிதர். வயதாகியும் நரை இல்லையே, எப்படி என்று கேட்டவர்களுக்கு, மனைவி மக்கள் நல்லவர்கள், ஏவலர் சொல்லாமலே குறிப்பறிகிறவர்கள், அரசன் அல்லாதவை செய்யாமல் காக்கிறான், எல்லாவற்றுக்கும் மேலாக என் ஊரில் சான்றோர் பலர் வாழ்கிறார்கள் என்று புறநானூறு 191இல் பதில் சொன்னவர். பார்க்காமலே கோப்பெருஞ்சோழனுக்கு நண்பராகி, அவன் உயிர்விடத் துணிந்து உண்ணாமல் வடக்கிருந்தபோது தேடிவந்தவர். அந்த நட்பைத்தான் பாரதிதாசன் நாடகமாக்கினார். அவர் 1964இல் மறைந்தபின், 1969இல் அந்த நாடகத்துக்குச் சாகித்ய அகாதெமி விருது வந்தது. ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு புறநானூறு, கோப்பெருஞ்சோழன், பாரதிதாசன், விருது நான்கையும் தொட்டுவிடலாம்.

விருதுக் கேள்விகளில் ஒரு பொறி உண்டு. புகழ்பெற்ற நூலுக்குத்தான் விருது கிடைத்திருக்கும் என்று நினைத்து விழுவோம். தி. ஜானகிராமன் என்றதும் கை ‘மோகமுள்’ளுக்குப் போகும். விருது பெற்றது ‘சக்தி வைத்தியம்’ என்ற சிறுகதைத் தொகுதி, 1979இல். அகிலனுக்குச் சாகித்ய அகாதெமி ‘வேங்கையின் மைந்த’னுக்கு, ஞானபீடம் ‘சித்திரப்பாவை’க்கு. மூன்று ‘சரித்திர’ங்களும் அப்படித்தான் குழப்பும்: பிரதாப முதலியார் வேதநாயகம் பிள்ளையுடையவர், கமலாம்பாள் ராஜம் ஐயருடையவள், பத்மாவதி மாதவையாவுடையவள். பத்துப்பாட்டில் பாட்டு பத்து, புலவர் எட்டு. நக்கீரருக்கும் உருத்திரங்கண்ணனாருக்கும் இரண்டிரண்டு. நக்கீரர் இருவர் என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு, ஆனால் தேர்வுக்கு எட்டு என்றே எழுதுங்கள்.

கைடுகளை மட்டும் நம்பாதீர்கள். வாணிதாசன் நூலைப் பாரதிதாசன் பெயரில் அச்சிட்டிருந்த ஒரு கைடை என் மாணவி ஒருத்தி கொண்டுவந்து காட்டினாள். ஒரு மதிப்பெண்ணில் வேலை போகும் தேர்வில் அப்படி அச்சடிப்பது எத்தனை பெரிய அநியாயம்! ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பாடநூல்களில் ‘நூல்வெளி’ என்ற பகுதி இருக்கிறதே, அங்கிருந்து தொடங்குங்கள். ஆனால் நூல்வெளியை மட்டும் படிக்காதீர்கள், அதற்கு முன்னால் இருக்கும் பாட்டை முதலில் வாய்விட்டுப் படியுங்கள். எல்லாரும் அந்தப் பாட்டைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

150 கேள்விகளில் 110 உங்கள் பாடத்திலிருந்து வருகிறவை. அதனால் ஆளுக்கு ஒரு பக்கம் வீதம் ஒரு நோட்டுப் போடுங்கள். அந்தப் பக்கத்தில் அவருடைய ஊர், நீங்களே படித்து ரசித்த ஒரு வரி, நூல்கள், பிறகு அவரை யாரோடு குழப்பிக்கொள்கிறீர்கள் என்ற குறிப்பு. இந்தக் கடைசிக் குறிப்பை நீங்களேதான் எழுத வேண்டும். எந்தக் கோச்சிங் சென்டர் மெட்டீரியலிலும் அது கிடைக்காது, ஏனென்றால் குழப்பம் உங்களுடையது. பாட்டை உங்கள் குரலிலேயே செல்போனில் பதிவு செய்து சமைக்கும்போது ஓடவிடுங்கள். பிள்ளைகளும் கேட்கட்டும்.

வீட்டைப் பற்றி ஒன்று. உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவர் தடுக்கிறார் என்று நான் நினைக்கவில்லை, நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்று தோன்றுகிறது. இரவு எட்டு முதல் ஒன்பதரை வரை பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்ளட்டும். “கொஞ்சம் உதவி பண்ணுங்க” என்று பொதுவாகச் சொல்லாமல், இந்த நேரம் எனக்கு வேண்டும் என்று மணிக்கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

இன்று இரவு அந்த ஒன்றரை மணி நேரத்தில் குறுந்தொகை 131ஐப் பாருங்கள். ஈரம் காய்வதற்குள் உழுதுவிட வேண்டும் என்று துடிக்கும், ஒரே ஒரு ஏர் வைத்திருக்கும் உழவன் அங்கே இருக்கிறான். ஓரேருழவனாருக்கு உங்கள் நோட்டில் முதல் பக்கத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டாம் பக்கம் யாருக்கு என்று எனக்கு எழுதுங்கள்.