சம்ப் பேக்கிங் மாற்றியும் ஒழுகுதா? பழைய கார் கேள்வி–பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 1972 அம்பாசிடர். சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) பேக்கிங் இரண்டு முறை மாற்றியாயிற்று. காலையில் பார்த்தால் கிளட்ச் ஹவுசிங்குக்கு நேர் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஆயில். இன்ஜினை இறக்கி ரியர் ஆயில் சீல் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: இப்போதைக்கு இன்ஜினை இறக்க வேண்டாம். அந்த 1489 சிசி இன்ஜினில் கிராங்க் தண்டின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. தண்டின் மேல் திருகு மரை போல ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். தண்டு சுழலும்போது அது ஆயிலைச் சம்ப்புக்குள் திருப்பிவிடும். சுழல்வது நின்றால் அந்த வேலையும் நிற்கும். அதனால் வண்டியை நிறுத்திய பிறகு ஓரிரு சொட்டு விழுவது அந்த இன்ஜினுக்கு இயல்பு. மூக்கு மேலே பார்க்க ஏற்றத்தில் நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் கூடும். உள்ளங்கை அகலம் என்பது இயல்பு அல்ல. அதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

முதலில் பிரீதரை, அதாவது இன்ஜின் உள்ளே சேரும் காற்றை வெளியேற்றும் குழாய்களைப் பாருங்கள். முன் சைடு கவரிலிருந்து ஒரு குழாய் கீழே இறங்கும், ராக்கர் கவரிலிருந்து ஒரு ரப்பர் குழாய் ஏர் கிளீனருக்குப் போகும். இரண்டையும் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி விட்டுக் குத்தி, ஊதிப் பாருங்கள். காலைக் குளிரில் நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் மலை வண்டியில், உள்ளே படியும் ஈரமும் ஆயிலும் கலந்து தயிர் மாதிரி வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் அது தெரிந்தால் குழாயிலும் இருக்கும். பிரீதர் அடைத்தால் பிஸ்டனைத் தாண்டி வரும் காற்றுக்கு வெளியேற வழி இல்லை. அது ஆயிலையும் தள்ளிக்கொண்டு அந்தத் திருகு வழியாகவே வெளியே வரும். அந்த நிலையில் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் கசிவு நிற்காது.

அடுத்தது சைடு கவர்கள். மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்குள் காற்றும் வெளியே புகையும் போகும் கிளைக்குழாய்கள்) கீழே ஒளிந்திருக்கும் இரண்டு தகட்டு மூடிகள் அவை. கார்க் பேக்கிங் பிஸ்கட் போலக் காய்ந்து வெடித்திருக்கும். அங்கே ஒழுகும் ஆயிலை ஃபேன் காற்று பின்னால் தள்ளும், பார்க்கிறவர் கண்ணுக்கு ரியர் சீல் போனதாகத் தெரியும். இன்ஜினை டீசலும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, நன்றாக உலரவிட்டு, முகப்பவுடரைத் தூவுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்தால் பவுடரில் ஈரக்கோடு தெரியும். ஈரம் தெரிகிற இடங்களிலேயே மேலேயும் முன்னாலும் இருப்பது எதுவோ, அதுதான் ஊற்று.

மூடியைக் கழற்றியதும் போல்ட் துளையைச் சுற்றிப் பாருங்கள். இறுக்கி இறுக்கித் தகடு உள்வாங்கியிருக்கும். தட்டையான மரக்கட்டை மேல் வைத்து, சுத்தியால் மெல்லத் தட்டிச் சமப்படுத்தாமல் புதுப் பேக்கிங் போடுவது வீண். கடையில் நாள்பட்டுக் கிடந்த கார்க் சுருங்கியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் போட்டால் பழைய அளவுக்கு வரும். ஷெல்லாக்கை மூடியின் பக்கம் மட்டும் தடவுங்கள், பிளாக்கைத் தொடும் பக்கத்துக்குக் கிரீஸ் போதும். ராக்கர் கவர் நட்டுகளுக்கு 5 நியூட்டன் மீட்டர் போதும். சைடு கவர் போல்ட்டுக்கு அதைவிடக் குறைவு. நீளமான ஸ்பானரைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

டிப்ஸ்டிக்கைச் சமதரையில் மட்டும் பாருங்கள். சரிவில் பார்த்துக் குறைவு என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றுவதும் கசிவுக்கு ஒரு காரணம்.

கேள்வி: இன்ஜினின் இழுப்பை அளக்கும் வாக்யூம் கேஜ் வாங்கி மாட்டினேன். ஐட்லிங்கில் 13 அங்குலம் (பாதரச அளவு) தான் காட்டுகிறது. 18க்குக் கீழே போனால் பிஸ்டன் ரிங்க்ஸ் தேய்ந்துவிட்டது என்கிறார்களே?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: 18 என்பது கடல்மட்டத்துக்கான கணக்கு. 300 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்குச் சற்று மேல், ஆகவே ஏழு அங்குலம் கழியும். சமவெளியில் 20 காட்டும் நல்ல இன்ஜின் அங்கே 13 தான் காட்டும். முள் நடுங்காமல் நின்றால் நிம்மதியாக இருங்கள். ஒரே தாளத்தில் விட்டு விட்டுக் கீழே விழுந்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை.

கேள்வி: பெயின்ட் அடித்து இன்ஜினைத் திரும்ப மாட்டிய பிறகு ஐட்லிங் ஏறி நிற்கிறது, மிதித்ததும் ஒரு கணம் தயங்குகிறது. 1978 மாடல், பிறகு பொருத்திய பிரேக் சர்வோவும் (பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டும் கருவி) உண்டு. எந்தக் குழாய் எங்கே?
– வாசகர், கோத்தகிரி

பதில்: பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மெல்லிய குழாயை மேனிஃபோல்டில் செருகியிருக்கிறார்கள். அது கார்புரேட்டரில், த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் உள்ள சின்ன மூக்குக்குப் போக வேண்டும். ஐட்லிங்கில் தகடு மூடியிருப்பதால் அங்கே இழுப்பு இருக்காது, கொஞ்சம் திறந்ததும் வரும். மேனிஃபோல்டில் மாட்டினால் ஐட்லிங்கிலும் இழுப்பு இருந்து டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) முன்னே போய்விடும். மிதித்ததும் இழுப்பு விழுந்து டைமிங் பின்வாங்கும், அந்தத் தயக்கம் அதுதான். மாற்றிவிட்டு, குழாயைக் கழற்றி அடைத்த நிலையில் டைமிங் வையுங்கள். குழாய் கார்புரேட்டரிலிருந்து சற்றே மேலேறிப் பிறகு இறங்கட்டும், அப்போதுதான் குளிர்ந்த பெட்ரோல் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து டயஃப்ரமில் (இழுப்புக்கு அசையும் மெல்லிய சவ்வு) போய்த் தேங்காது. குழாயின் கார்புரேட்டர் முனையை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தால் டிஸ்ட்ரிபியூட்டரின் உள்தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். நழுவினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

மேனிஃபோல்டுக்குப் போக வேண்டியது சர்வோவின் தடித்த குழாய். அதற்கு நூல் பின்னிய வாக்யூம் ஹோஸ் என்றே கேட்டு வாங்குங்கள். ரேடியேட்டர் ஹோஸ் உள்ளிழுபட்டுத் தட்டையாகும். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் அது நடக்கவே கூடாது. ஒருவழி வால்வை சர்வோ பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், எதிர்ப்பக்கமிருந்து போகக் கூடாது. இன்ஜினை நிறுத்தி பெடலை ஐந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே இறங்கினால் சர்வோ வேலை செய்கிறது.

இணைப்புகளில் எங்காவது வெளிக்காற்று உள்ளே போகிறதா (ஏர் எடுக்கிறதா) என்று பார்க்கப் பெட்ரோலோ கார்புரேட்டர் ஸ்ப்ரேயோ அடிக்க வேண்டாம். அந்த இன்ஜினில் சைலன்சர் மேனிஃபோல்டும் அதே பக்கம், தீப்பிடிக்கும். ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகள் மேல் நகர்த்தினால் சீறல் கேட்கும்.

கேள்வி: குன்னூர் மலை இறங்கி முடித்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நீலப்புகை. ஏற்றத்தில் இல்லை.
– வாசகர், அருவங்காடு

பதில்: ஏற்றத்தில் புகை இல்லாததால் ரிங்க்ஸை விட்டுவிடுங்கள். இரண்டாம் கியரில் த்ராட்டில் மூடி இறங்கும்போது இழுப்பு உச்சத்தில் இருக்கும், வால்வின் தண்டு நகரும் வால்வு கைடு வழியாக ஆயிலை உறிஞ்சும். இன்லெட் வால்வு சீல்களை மாற்றுங்கள். ஹெட்டைக் கழற்றாமலே செய்யலாம்: பிளக் துளை வழியாக நைலான் கயிற்றை நிரப்பி, பிஸ்டனை மேலே கொண்டுவந்தால் வால்வு கீழே விழாது. புகைக்குப் பயந்து நியூட்ரலில் இறங்குவதை மட்டும் செய்யாதீர்கள்.