பண்டைய உலகின் மிகச் சிறந்த படைத்தலைவர் யார்? தோற்றுப்போன ஹானிபலை அந்த வரிசையில் வைக்கலாமா?

வைக்கலாம். நான் முதலிடத்திலேயே வைப்பேன்.

கேள்வி கேட்டவர் நான்கு பெயர்களைத் தந்திருக்கிறார்: மாசிடோனியாவின் அலெக்சாண்டர், ரோமோடு போரிட்ட வட ஆப்பிரிக்க நகரமான கார்தேஜின் தளபதி ஹானிபல், அவரைக் கடைசியில் வென்ற ரோமத் தளபதி சிபியோ, ரோமின் ஜூலியஸ் சீசர். மற்ற மூவரும் ஜெயித்தவர்கள், ஹானிபல் கடைசிப் போரில் தோற்றவர், அப்புறம் ஏன் எல்லோரும் அவர் பெயரையே சொல்கிறார்கள் என்று கேட்கிறார். நியாயமான சந்தேகம்தான். இதற்கு வழக்கமாக வரும் பதில், ரோமின் பெரும்படையை அவர் சுற்றி வளைத்து அழித்த கன்னே போர். கன்னேவைப் பற்றி நானும் கீழே சொல்கிறேன், ஆனால் என் காரணம் வேறு. கி.மு. 218 கடைசியிலிருந்து 203 வரை, ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள், எதிரியான ரோமின் மண்ணில், இத்தாலியிலேயே, ஹானிபல் ஒரு படையை வைத்திருந்தார். அந்தப் படை ஒருமுறைகூட அவருக்கு எதிராகக் கலகம் செய்யவில்லை.

மற்ற மூவரோடு வைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். அலெக்சாண்டரின் வீரர்கள் கி.மு. 326இல் பியாஸ் ஆற்றங்கரையில் இனி ஓர் அடி எடுத்து வைக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து ஓபிஸ் நகரத்தில் மறுபடி கொந்தளித்தார்கள். சிபியோவின் படை கி.மு. 206இல் ஸ்பெயினில், அவர் நோயில் படுத்திருந்த நேரம் பார்த்து, சம்பளப் பாக்கியைக் கேட்டுக் கலகம் செய்தது. சீசருக்கு உள்நாட்டுப் போர்க்காலத்தில் இரண்டு முறை நடந்தது. கி.மு. 47இல் எழுந்தவர்களில் அவர் உயிராக நினைத்த பத்தாவது லீஜியன் என்ற ரோமப் படைப்பிரிவும் இருந்தது. வீரர்களே என்று கூப்பிடாமல் குடிமக்களே என்று கூப்பிட்டே அவர்களை வெட்கப்பட வைத்தார் என்பார்கள். மூவரும் சமாளித்தார்கள், அது பெரிய திறமை. ஆனால் அவர்கள் சமாளித்தது பெரும்பாலும் சொந்த நாட்டு ஆட்களை, சொந்த மொழியில் பேசி.

ஹானிபலிடம் இருந்தவர்கள் யார்? லிபியக் காலாட்படை, நுமீடியாவின் குதிரைவீரர்கள், ஸ்பெயினின் ஐபீரியர்கள், பேலியாரிக் தீவுகளின் கவண் வீரர்கள், லிகூரியர்கள், வட இத்தாலியின் கெல்ட்டுகள், போகப்போகத் தென் இத்தாலிக்காரர்களும் கிரேக்கர்களும். பொது மொழி இல்லை, பொதுச் சட்டம் இல்லை, சாமி கூட வேறு வேறு. இதைப் பாராட்டி எழுதியவர்கள் கார்தேஜ்காரர்களும் இல்லை. பொலிபியஸ் சிபியோ குடும்பத்துக்கு நெருக்கமான கிரேக்க வரலாற்றாசிரியர். லிவி ஹானிபலைக் கொடூரன், வாக்குத் தவறுபவன் என்று திட்டித் தீர்த்த ரோம வரலாற்றாசிரியர். இந்த இருவருமே, இத்தனை இனத்தாரை இத்தனை ஆண்டுகள் கலகமில்லாமல் வைத்திருந்தார் என்று வியந்து எழுதியிருக்கிறார்கள். எதிரி தரும் சாட்சியைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்!

நான் கட்டட வேலையில் சைட் சூப்பர்வைசர். ஒடிசா, பீகார், வங்காளம், நம்மூர் என்று ஒரே சைட்டில் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். ஒரு தடவை கம்பெனியிலிருந்து கூலிப் பணம் வர இரண்டு வாரம் தாமதமானது. அதற்குள் பாதிப் பேர் ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குள் சமையல் இடத்தை வைத்துக் கைகலப்பு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஊரில் அவர்களை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு ஹானிபலைப் பற்றிப் படித்ததெல்லாம் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. போர்க்களத்து அம்புக்குறிப் படங்களைவிட, அந்தப் பதினைந்து ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் சாப்பாட்டு வேளைகள் வந்திருக்கும் என்றுதான் யோசிக்கத் தோன்றுகிறது.

இப்படிப்பட்ட படை என்ன செய்யும் என்பது கார்தேஜுக்கு நன்றாகவே தெரியும். கி.மு. 241இல் ரோமிடம் முதல் போரில் தோற்று வந்தபோது, கூலிப்படைக்குத் தரவேண்டிய பணத்தைக் குறைக்கப் பார்த்தார்கள். சுமார் 20,000 பேர் டூனிஸில் கூடிவிட்டார்கள். ஒரே ஆள் பேசி எல்லோருக்கும் புரியவைக்க முடியாதபடி அத்தனை மொழிகள் இருந்தன. பேச்சு குழம்பிச் சந்தேகமாகி, சந்தேகம் போராகி, மூன்று ஆண்டுகளுக்கு மேல் இரண்டு பக்கமும் கொஞ்சமும் இரக்கமில்லாமல் நடந்தது. கார்தேஜ் அழியாமல் தப்பியதே பெரிது. அதை அடக்கியவர்களில் முக்கியமானவர் ஹமில்கார் பார்கா, ஹானிபலின் அப்பா. ஹானிபல் பிறந்தது கி.மு. 247இல். அதாவது, சம்பளம் கிடைக்காத பல மொழிப் படை தன் ஊரை என்ன செய்தது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளை.

அவருக்கும் விசுவாசம் சும்மா கிடைக்கவில்லை. ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இறங்கியபோது கையில் இருந்தது 20,000 காலாட்படை, 6,000 குதிரைப்படை. இது யாரோ ஊகித்த கணக்கு இல்லை. தென் இத்தாலியின் லசினியம் முனையில் ஹானிபலே ஒரு வெண்கலப் பலகையில் பொறித்துவைத்ததை, தான் நேரில் பார்த்ததாகப் பொலிபியஸ் எழுதுகிறார். இந்தச் சின்னப் படையில் புதிதாக வந்து சேர்ந்தவர்கள் கெல்ட்டுகள். முதல் குளிர்காலத்தில் அவர்களே தன்னைக் கொன்றுவிடுவார்களோ என்ற பயத்தில், விதவிதமான பொய்முடியும் அதற்கேற்ற உடையும் மாற்றி மாற்றி அணிந்து திரிந்திருக்கிறார் ஹானிபல். அடுத்த வசந்தத்தில் ஆர்னோ ஆற்றுச் சதுப்பில் நாள் கணக்கில் தண்ணீரில் நடந்தபோது, கெல்ட்டுகள் திரும்பி ஓடாமல் இருக்கப் பின்னால் தம்பி மாகோவைக் குதிரைப்படையோடு நிறுத்தினார். அந்தச் சதுப்பில்தான் அவருக்கு ஒரு கண் போனது.

நம்பிக்கையை எப்படிச் சம்பாதித்தார்? எழுதப்பட்டிருப்பவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். காவல் வீரர்களுக்கு நடுவே தரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அவர் தூங்குவதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள் என்கிறார் லிவி. கி.மு. 218 டிசம்பரில் டிரெபியா ஆற்றங்கரைப் போரன்று, ஹானிபலின் ஆட்கள் வயிறாரச் சாப்பிட்டு, நெருப்புப் பக்கத்தில் உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். ரோமர்கள் காலைச் சாப்பாடு இல்லாமல், உறையும் ஆற்றில் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கிக் கரையேறினார்கள். போர் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. தந்திரம் என்று இதைப் புகழ்வார்கள். என் கண்ணில் முதலில் படுவது, தன் ஆட்கள் பசியோடு சண்டைக்குப் போகக் கூடாது என்று பார்த்துக்கொண்ட ஒரு தலைவர்.

சரி, கன்னேவுக்கு வருகிறேன். கி.மு. 216 ஆகஸ்ட் 2. ரோமர் பக்கம் சுமார் 80,000 காலாட்படை. ஹானிபலிடம் அதில் பாதி. குதிரைப்படையில் மட்டும் அவர் கை ஓங்கியிருந்தது, 6,000க்கு எதிராக 10,000. எதிரிக் கூட்டத்தைப் பார்த்து கிஸ்கோ என்ற அதிகாரி மலைத்துப்போய் ஏதோ சொல்ல, "இன்னொரு ஆச்சரியத்தை நீ கவனிக்கவில்லை, அத்தனை பேரில் ஒருத்தனுக்குக்கூடக் கிஸ்கோ என்று பெயர் இல்லை" என்றாராம் ஹானிபல். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியதாக பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்.

அன்றைய திட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நடுப்பகுதி எதிரியை நோக்கி வளைந்து நிற்கும். ரோமர்கள் அழுத்த அழுத்த அது உள்வாங்கும். இரண்டு ஓரத்திலும் நிற்கும் லிபியர்கள் பக்கவாட்டில் திரும்பி மூடுவார்கள். ரோமக் குதிரைப்படையை விரட்டிவிட்ட ஹானிபலின் குதிரைப்படை பின்புறத்தை அடைக்கும். காகிதத்தில் வரைந்தால் சுலபம். ஆனால் அந்த நடுப்பகுதி என்ன செய்ய வேண்டியிருந்தது என்று பாருங்கள். தங்களைவிடப் பல மடங்கு கனமான படை மேலே வந்து விழும்போது அவர்கள் பின்வாங்க வேண்டும், ஓடக் கூடாது. கொஞ்சம் முன்னால் உடைந்திருந்தால் ஹானிபலின் கதை அன்றே முடிந்திருக்கும். அங்கே நின்றவர்கள் ஐபீரியர்களும் கெல்ட்டுகளும்தான். எந்தக் கெல்ட்டுகள்? ஒன்றரை வருஷம் முன்பு எவர்களுக்குப் பயந்து பொய்முடி அணிந்தாரோ, அவர்கள். ஹானிபலும் மாகோவும் அந்த நடுப்பகுதியில்தான் நின்றார்கள். எனக்கு கன்னே என்றால் இதுதான்.

அன்று இறந்த ரோமர்கள் லிவி கணக்கில் சுமார் 48,000, பொலிபியஸ் கணக்கில் 70,000. ஹானிபல் பக்கம் இறந்தவர்களில் 4,000 பேர் கெல்ட்டுகள். ஐபீரியரும் லிபியரும் சேர்ந்து 1,500, குதிரைவீரர்கள் 200. அந்த வெற்றிக்கான விலையைக் கெல்ட்டுகள் தலையில்தான் அதிகம் ஏற்றினார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கலகமில்லை என்றதால் ஒருவர்கூட விட்டுப் போகவில்லை என்றும் நினைக்க வேண்டாம். கி.மு. 215இல் இத்தாலியின் நோலா நகரத்துக்கு அருகே நடந்த சண்டைக்குப் பிறகு இருநூற்றுச் சொச்சம் நுமீடிய, ஸ்பானியக் குதிரைவீரர்கள் ரோமர் பக்கம் போய்விட்டார்கள். அத்தனை ஆண்டுகளில் நடந்தது என்று பார்த்தால் எனக்கு அது சொற்பமாகவே படுகிறது.

அப்படியானால் ஏன் தோற்றார்? கன்னே முடிந்ததும் ரோமை நோக்கிப் போகாததுதான் தவறு என்பார்கள். "உனக்கு ஜெயிக்கத் தெரியும், ஜெயித்ததைப் பயன்படுத்தத் தெரியாது" என்று குதிரைப்படைத் தலைவர் மகார்பல் சொன்னதாக லிவி எழுதியது பிரபலமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சகுந்தும் என்ற ஒரு நகரத்தைப் பிடிக்கவே அவருக்கு எட்டு மாதம் ஆனது, அதுவும் ஸ்பெயினில், தன் சொந்தத் தளத்துக்குப் பக்கத்தில். கன்னேவிலிருந்து ரோம் நானூறு கிலோமீட்டருக்கு அருகில். முற்றுகைக் கருவிகள் இல்லாமல், களைத்த ஆட்களோடு அந்த மதில் முன்னால் போய் நின்று என்ன செய்திருப்பார்?

அவருடைய உண்மையான தவறு அரசியல் கணக்கு. சில பெரிய தோல்விகளைப் பார்த்தால் ரோமின் கூட்டாளிகள் கழன்றுவிடுவார்கள் என்று நம்பினார். கப்புவா வந்தது, டாரன்டம் வந்தது, தெற்கில் பலர் வந்தார்கள். ரோம் தானே அமைத்த லத்தீன் குடியேற்ற நகரங்கள் வரவில்லை. வந்த ஊர்களைக் காப்பாற்றவும் வேண்டும், ரோமரைத் துரத்தவும் வேண்டும் என்றானதும் ஒரே படை எத்தனை இடத்தில் நிற்கும்? கி.மு. 211இல் கப்புவா விழுந்தது. ஆயுதம் ஏந்தக்கூடியவர்கள் என்று ரோமும் கூட்டாளிகளும் சேர்ந்து கணக்குக் காட்டியது ஏழு லட்சத்துக்கும் மேல். கார்தேஜிலிருந்து அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி வந்த உதவி, கி.மு. 215இல் தென் இத்தாலியின் லோக்ரியில் இறங்கியது ஒன்றுதான். தம்பி ஹஸ்த்ருபல் கி.மு. 207இல் ஒரு படையோடு ஆல்ப்ஸைத் தாண்டி வந்தார். மெட்டாரஸ் ஆற்றங்கரையில் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி ஹானிபலுக்கு வந்தது, முகாமுக்குள் எறியப்பட்ட தம்பியின் தலையாக. அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் அந்தப் படை கலையாமல் இத்தாலியில் நின்றது.

அலெக்சாண்டர் ஒரு போரிலும் தோற்காதவர். டயர் நகர முற்றுகையிலும், பாரசீகரோடு நடந்த காகமேலாப் போரிலும் அவர் செய்தது யாருக்கும் வராது. அப்பா கட்டிய படை என்று அவரைக் குறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ஹானிபலுக்கும் அப்பா விட்டுச்சென்ற படை இருந்தது. ஆனால் அலெக்சாண்டருக்கு மாசிடோனியாவிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், பாரசீகத்தின் கஜானாவும் கைக்கு வந்தது. சீசருக்கு இன்றைய பிரான்ஸில் நடந்த அலேசியா முற்றுகை ஒன்று போதும். உள்ளே இருப்பவனை முற்றுகையிட ஒரு அரண், வெளியே இருந்து வருபவனைத் தடுக்க ஒரு அரண். ஆனாலும் அவரைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி அவரே எழுதியது என்பது எனக்கு உறுத்துகிறது. கேள்வியில் இல்லாத ஒருவரையும் சொல்லிவிடுகிறேன்: சீனாவின் ஹான் ஷின். ஆற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படையை நிறுத்தி ஜெயித்தவர். ஆப்பிரிக்காவின் ஸாமாவில், தன் கடைசிப் போரில், சிபியோவிடம் ஹானிபல் தோற்ற அதே கி.மு. 202இல்தான் காய்ஷியா போரில் எதிரித் தலைவன் ஷியாங் யூவை முடித்தார். என் இரண்டாவது இடம் அவருக்கு.

சிபியோதான் சிறந்தவர் என்பவர்களோடு நான் ரொம்ப வாதாட மாட்டேன். ஹானிபலிடம் அடி வாங்கிய படையில் இருந்தே பாடம் கற்றவர் அவர். பின்னாளில் எபேசஸில் இருவரும் சந்தித்ததாக ஒரு கதையை லிவி சொல்கிறார். பெரிய தளபதி யார் என்று சிபியோ கேட்க, அலெக்சாண்டர், பிறகு கிரேக்க அரசர் பிர்ரஸ், மூன்றாவது நான் என்றாராம் ஹானிபல். என்னை நீங்கள் ஜெயித்திருந்தால் என்று சிபியோ கேட்டாராம். அப்படியானால் முதலிடத்தில் என்னையே வைத்திருப்பேன் என்றாராம். இது உண்மையில் நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சந்தேகப்படுகிறார்கள். நடந்திருந்தால், அந்தப் பதிலோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

ஏனென்றால் ஸாமாவில் என்ன நடந்தது? எண்பது யானைகளுக்கு சிபியோ தன் அணிகளுக்கு நடுவே சந்து விட்டு வழி கொடுத்தார். ஹானிபலின் முதல் வரிசையும் இரண்டாம் வரிசையும் உடைந்தன. நுமீடிய அரசர் மசினிசா இப்போது ரோமர் பக்கம் என்பதால் நுமீடியக் குதிரைப்படையின் பெரும்பகுதி எதிரியிடம் இருந்தது. மூன்றாம் வரிசையில் நின்றவர்கள் இத்தாலியிலிருந்து ஹானிபலோடு வந்தவர்கள். அவர்களுக்கும் ரோமர்களுக்கும் எண்ணிக்கை, ஆயுதம், துணிவு எல்லாமே ஏறக்குறைய சமம், வெற்றி யார் பக்கம் என்றே வெகுநேரம் தெரியவில்லை என்கிறார் பொலிபியஸ். மசினிசாவும் சிபியோவின் குதிரைப்படைத் தலைவர் லீலியஸும் குதிரைகளோடு திரும்பி வந்து பின்னால் பாய்ந்த பிறகுதான் முடிந்தது. அந்த வரிசையில் பெரும்பாலோர் நின்ற இடத்திலேயே வெட்டுப்பட்டு விழுந்தார்கள்.