ரயிலடி கேள்வி-பதில்: எல்லை தாண்டும் டிரைவர் எந்த மொழியில் பேசுவார்?

(ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் பதிலளிக்கிறார்)

? மகளைப் பார்க்க ஜெர்மனி போயிருந்தோம். அங்கிருந்து பாரிசுக்கு ரயில். எல்லை தாண்டியதே தெரியவில்லை. விமானிகளுக்கு ஆங்கிலம் இருப்பதுபோல ஐரோப்பிய ரயில் டிரைவர்களுக்கும் பொதுமொழி உண்டா? – வாசகர், நாகர்கோவில்

கிடையாது. தண்டவாளம் எந்த நாட்டுடையதோ, அந்த நாட்டு சிக்னல்காரரின் மொழியில்தான் டிரைவர் பேச வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்தவர் என்றால் அவரே தொடர்ந்து ஓட்டலாம். இல்லாவிட்டால் எல்லை ஸ்டேஷனில் ஒருவர் இறங்குவார், இன்னொருவர் ஏறுவார். 2007-ல் ஐரோப்பிய ஒன்றியம் டிரைவர் உரிமத்துக்குப் பொது விதி கொண்டுவந்தபோது மொழித் தேர்ச்சியையும் அதில் சேர்த்துவிட்டது.

மின்சாரம்கூட எல்லையில் மாறுகிறது. ஜெர்மனியில் 15,000 வோல்ட், நீங்கள் நுழைந்த பிரெஞ்சுப் பக்கம் 25,000. (நம்மூர் 25,000 வோல்ட்டும் பிரெஞ்சு ரயில்வேயின் ஆலோசனையோடு வந்ததுதான்.) இரண்டிலும் ஓடுகிற இன்ஜின் வந்து வெகுகாலம் ஆகிறது. மொழிக்குத்தான் அந்த வசதி இல்லை.

ஆங்கிலத்தை வைத்தால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் நாள் முழுக்க வெளிநாட்டு விமானிகளோடு பேசுகிறவர். சிக்னல் கேபினில் இருப்பவர் பேசுவது பெரும்பாலும் தன் நாட்டு டிரைவர்களோடு. எப்போதோ வருகிற ஒரு வெளிநாட்டு சரக்கு வண்டிக்காக, நடுராத்திரியில் பாயிண்ட் (வண்டியைப் பாதை மாற்றிவிடும் தண்டவாள அமைப்பு) பழுதானால் அவர் ஆங்கிலத்தில் உத்தரவு கொடுக்க வேண்டுமாம். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். எனக்கு அது பிடிக்கவில்லை.

? பேச்சு புரியாமல் விபத்து நடந்திருக்கிறதா? – வாசகி, ஈரோடு

நடந்திருக்கிறது. 2001 மார்ச் 27, பெல்ஜியம். இது நாட்டு எல்லைகூட இல்லை, மொழி எல்லை. வாவ்ர் என்ற ஊர் பிரெஞ்சு பேசும் பகுதி, லூவன் டச்சு பேசும் பகுதி. வாவ்ரிலிருந்து ஒரு காலி வண்டி சிவப்பு சிக்னலை மீறி, எதிர்த்திசைப் பாதையில் கிளம்பிவிட்டது. அதே பாதையில் லூவன் பக்கமிருந்து ஒரு ரயில் பயணிகளோடு வருகிறது. வாவ்ர் கேபின்காரர் லூவனுக்கு ஃபோன் போடுகிறார். இவர் பிரெஞ்சில் சொன்னது அங்கே இருந்தவருக்குப் புரியவில்லை. பெக்ரோ என்ற இடத்தில் இரண்டும் நேருக்கு நேர் மோதின. 8 பேர் செத்தார்கள்.

இருவருக்கும் ஒரே மொழி தெரிந்திருந்தால் தப்பியிருக்கும் என்பார்கள். பாதிதான் ஒப்புக்கொள்வேன். 2016 பிப்ரவரி 9-ஐப் பாருங்கள். பவேரியாவில் பாட் ஐப்ளிங் அருகே ஒற்றைப் பாதை. கட்டுப்பாட்டாளர் தவறுதலாக இரண்டு பக்கமும் வண்டியை விட்டுவிட்டார். தெரிந்ததும் ரேடியோவில் அவசர அழைப்பு கொடுத்தார். ஆனால் அழுத்தியது வேறு பொத்தான். அழைப்பு மற்ற கட்டுப்பாட்டாளர்களுக்குப் போயிற்று, டிரைவர்களுக்குப் போகவில்லை. 12 பேர் இறந்தார்கள். அங்கே மொழிச் சிக்கலே கிடையாது.

பெக்ரோவில் சொல்ல வேண்டியிருந்தது ஒரே சேதி: ‘உன் பக்கம் வண்டி வருகிறது, எல்லாவற்றையும் நிறுத்து.’ அதற்கு இலக்கணம் வேண்டாம். இரண்டு கேபினும் முன்கூட்டியே பேசிவைத்து, பழகிய ஒரு வாசகம் போதும்.

? 2019-ல் மதுரைப் பக்கம் நடந்ததும் இதே கதைதானே? – வாசகர், விருதுநகர்

அதுவேதான். அந்த மே மாதம் திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் நடுவே, எதிரெதிரே வந்த இரண்டு பாசஞ்சர் வண்டிகளுக்கு ஒரே பாதையில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். நல்லவேளை, மோதவில்லை. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும் பேச்சு சரியாகப் புரியாததே காரணம் என்று செய்தி வந்தது. ஜூனில் தெற்கு ரயில்வே ஒரு சுற்றறிக்கை விட்டது: கண்ட்ரோலும் (வண்டி ஓட்டத்தைக் கவனிக்கிற கட்டுப்பாட்டு அலுவலகம்) ஸ்டேஷன் மாஸ்டர்களும் ஆங்கிலம் அல்லது இந்தியில்தான் பேச வேண்டும், வட்டார மொழி கூடாது. எதிர்ப்பு கிளம்பவும் சில நாளிலேயே வாபஸ்.

அரசியலை விடுங்கள், ரயில்வேக்காரனாகச் சொல்கிறேன், அந்த மருந்து தப்பு. பாலக்காடு டிவிஷனில் நான் இருந்த ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன்காரர் மலையாளி. நான் தமிழில் கேட்பேன், அவர் மலையாளத்தில் பதில் சொல்வார். வீட்டு விசேஷம் முதல் மழை வரை எல்லாம் அப்படித்தான். ஆனால் லைன் கிளியர், அதாவது அடுத்த ஸ்டேஷன் வரை வண்டியை விட அனுமதி, என்று வந்துவிட்டால் குரலே மாறிவிடும். வண்டி நம்பர், எந்தப் பக்கம், எந்த நேரம், கடைசியில் பிரைவேட் நம்பர், அனுமதி தந்ததற்கு அடையாளமான எண். ஷீட்டில் அடுத்து இருக்கிற இரண்டிலக்க எண்ணை அவர் சொல்ல, நான் திருப்பிச் சொல்லி, இருவரும் எழுதிக்கொள்வோம். ஒரு இலக்கம் சரியாகக் காதில் விழவில்லை என்றாலும் மறுபடி முதலிலிருந்து. சிநேகிதன் என்பதற்காக அதில் சலுகை இல்லை. எதிர்முனையில் இருப்பவர் திருப்பிச் சொன்னாரா, எழுதினாரா என்று கேட்காமல், என்ன மொழியில் பேசினார் என்று கேட்டது அந்தச் சுற்றறிக்கை.

ஐரோப்பாவிலும் இதே முறைதான். சிக்னல் பழுதாகிச் சிவப்பிலேயே நின்றால், அதைத் தாண்ட நம்மூர் லோகோ பைலட்டுக்கு 369(3பி) படிவம் கொடுக்கிறோமே, அதுபோல அங்கும் எண்ணிட்ட படிவங்கள் உண்டு. ரேடியோவில் சிக்னல்காரர் சொல்லச் சொல்ல டிரைவர் நிரப்ப வேண்டும். பிறகு முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். எண்களை ஒவ்வோர் இலக்கமாகத்தான் சொல்ல வேண்டும்.

? ஃபோனில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிற காலத்தில் ஏன் இத்தனை பாடு? – வாசகர், தாம்பரம்

முயன்று பார்க்கிறார்கள். 2017 ஆகஸ்டில் ஜெர்மனியின் ராஷ்டாட்டில் சுரங்கம் தோண்டும்போது மேலே இருந்த தண்டவாளம் இறங்கிவிட்டது. கார்ல்ஸ்ரூஹே–பாசல் பாதை ஏழு வாரம் மூடிக் கிடந்தது. பக்கத்திலேயே பிரான்ஸ் வழியாகப் பாதை இருந்தும், பிரெஞ்சு தெரிந்த டிரைவர்கள் போதவில்லை. சரக்கு வண்டிகள் தேங்கி நின்றன. அதற்குப் பிறகுதான் மொழிக் கருவிகள் மேல் எல்லோருக்கும் அக்கறை வந்தது. 2019-ல் சோதனைக்கு விதியும் இடம் கொடுத்தது. ஆஸ்திரியா–இத்தாலி எல்லையில், முன்பே எழுதிவைத்த வாசகங்களை மட்டும் இரண்டு மொழியிலும் காட்டிப் பேசவைக்கும் கருவியைச் சோதித்தார்கள்.

முன்பே எழுதிய வாசகம் என்பதால் நான் அதை வரவேற்கிறேன். வாயில் வந்ததையெல்லாம் மொழிபெயர்க்கிற செயலியை நம்பி வண்டி விடமாட்டேன். ‘போகலாம்’ என்பதற்கும் ‘போகலாமா?’ என்பதற்கும் நடுவே அது ஒருதரம் தடுமாறினால் போதும். பட்டியலில் இல்லாத சங்கதி வந்தால் – பன்னிரண்டாவது வேகனில் புகை, தண்டவாளத்தில் மரம் – மொழி தெரிந்த ஆள்தான் வேண்டும்.

? தங்கை மகன் ஜெர்மனியில் ரயில் ஓட்டுநர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறான். மொழி எவ்வளவு வேண்டும்? – வாசகி, திண்டுக்கல்

ஐரோப்பிய விதிப்படி குறைந்தது ‘பி1’, ஆறு படிகளில் மூன்றாவது. தேர்வு பாஸாக அது போதும். ஆனால் கேபினில் இன்ஜின் இரைச்சலோடு, வட்டார வழக்கில் வேகமாகப் பேசுகிறவரின் குரல் கரகரவென்று வரும். பயிற்சி நிறுவனம் இதற்கும் மேல் கேட்கலாம், விண்ணப்பிக்கும் முன் விசாரிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தோடு நிற்காமல் ஜெர்மன் வானொலியைத் தினமும் கேட்கட்டும். எண்களைக் கேட்டு எழுதிப் பழகுவதை இன்றைக்கே தொடங்கலாம்.