சிவப்புத் தக்காளி விதையில் மஞ்சள் பழம் வருமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் ஹைபிரிட் செர்ரி தக்காளி வைத்திருந்தேன். எல்லாம் சிவப்பு. அந்தப் பழத்து விதையைப் போட்டு வந்த 9 செடிகளில் 2 மஞ்சளாகப் பழுக்கின்றன. போர் தண்ணீர் உப்பு, அதனால்தான் என்கிறார் மாமியார். இந்த விதையை எடுத்து வைக்கலாமா?

பதில்: தாராளமாக எடுத்து வைக்கலாம். உப்புத் தண்ணீர் இலை ஓரத்தைக் கருக்கும், காயைச் சிறுக்க வைக்கும். ஆனால் ஒரே தண்ணீர் குடிக்கும் 9 பைகளில் இரண்டை மட்டும் பார்த்து நிறம் மாற்றாது. கடும் வெயிலும் சிவப்பேறவிடாமல் பழத்தை ஆரஞ்சுத் திட்டாக நிறுத்தும்; அப்படியென்றால் எல்லாச் செடியிலும் தெரிந்திருக்கும். மஞ்சள் பழம் ஒன்றை நறுக்கிப் பாருங்கள். தோல் மட்டுமல்லாமல் சதையும் மஞ்சளாக இருந்தால் அது பிறவி நிறம்.

நீங்கள் வாங்கிய ஹைபிரிட்டின் பெற்றோரில் ஒன்று மஞ்சள் ரகமாக இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மரபணுவும் செடியில் இரண்டு பிரதியாக இருக்கிறது, தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று. பழத்தில் சிவப்பு நிறமி உருவாக ஒரு நொதி வேண்டும். அதைச் செய்யும் மரபணு மஞ்சள் ரகத்தில் பழுதானது. நல்ல பிரதி ஒன்று இருந்தாலே நொதி போதிய அளவு கிடைத்துவிடும். அதனால்தான் ஹைபிரிட் முழுக்கச் சிவந்தது. சிவப்பு ஓங்கு பண்பு, மஞ்சள் ஒடுங்கு பண்பு. ஒடுங்கியது அழிவதில்லை, பதுங்கியிருக்கிறது. அதே செடி தன் மகரந்தத்தாலேயே விதை வைக்கும்போது, சராசரியாக நாலில் ஒன்றுக்கு இரண்டும் பழுதான பிரதியாகவே வாய்க்கும். மரபியலின் முன்னோடி மெண்டல் இப்படிப் பட்டாணிப் பூவில் எண்ணியது 705 ஊதா, 224 வெள்ளை, அதாவது ஏறக்குறைய நாலில் ஒன்று வெள்ளை. உங்கள் மாடிக் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான்!

மஞ்சள் செடியின் விதையை நம்பி வையுங்கள். அதில் மறைந்திருக்கச் சிவப்பே இல்லை. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கைதான், ஆனாலும் பூங்கொத்துக்கு ஒரு வலைப்பை கட்டிவிட்டால் தேனீ பயமில்லை. சிக்கல் சிவப்பில்தான். மூன்றில் இரண்டு சிவப்புச் செடிகள் மஞ்சளை ஒளித்து வைத்திருக்கும், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. எனவே விதைகளைக் கலக்காமல், செடிவாரியாகப் பிரித்து எடுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் பத்துச் செடி வளர்த்து, ஒன்றுகூட மஞ்சளாகாவிட்டால் அந்தத் தாய்ச்செடி அநேகமாகச் சுத்தச் சிவப்பு.

பழத்தின் பருமனும் ருசியும் இந்தக் கணக்கில் அடங்காது, பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பவை அவை. அதற்கு நாக்குதான் அளவுகோல். விதை உறையில் ரகத்தின் பெயரோடு செடியின் எண்ணையும் எழுதி வையுங்கள்.