அந்தக் காலத்துப் பிள்ளைகள் கையில் கிடைத்ததை வைத்து என்னென்ன விளையாட்டுச் சாமான்கள் செய்தார்கள்?

எங்க ஊர் திருநெல்வேலி மாவட்டம் திசையன்விளைப் பக்கம். எங்கே பார்த்தாலும் பனை. விளையாட்டுச் சாமான்களில் முக்கால்வாசி அதிலிருந்துதான் வந்தது. எந்த மாசம் எதை வைத்து விளையாடுவது என்பதையும் பனையும் காத்தும்தான் முடிவு செய்யும்.

சித்திரை, வைகாசி என்றால் நுங்கு வண்டி. வண்டியை எல்லோருக்கும் தெரியும், ஓடவைப்பதில்தான் சூட்சுமம். ஒரே அளவில் இரண்டு காய் வேண்டும். ஒன்று சிறுத்துப்போனால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். நுங்கை விரலால் நோண்டித் தின்றதும் மூன்று கண்ணும் குழியாகத் தெரியும். அச்சுக் கம்பைக் குழிக்குள் குத்தினால் சக்கரம் நொண்டும். மூன்றுக்கும் நடுவே நார் இறுகிய இடத்தில்தான் குத்தணும். அச்சின் நடுவில் கவட்டைக் கம்பைக் கொடுத்துத் தள்ள வேண்டியதுதான். கவட்டை உரசாமலிருக்க விளக்கெண்ணெய் தடவுவோம். ஆச்சியிடம் கேட்டால் தரமாட்டாள், எடுத்துக்கொள்வதுதான். இரண்டு மூன்று நாளில் காய் வற்றி, ஓட்டை பெரிதாகி, சக்கரம் கழன்றுவிடும். யாரும் அழுததில்லை, அடுத்த நுங்கு வெட்டும்போது அடுத்த வண்டி.

ஆனி பிறந்ததும் ஓலைக் காத்தாடி. செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகத் தென்மேற்குக் காத்து சும்மா பிய்த்துக்கொண்டு வரும். இன்றைக்குக் காற்றாலைகள் நிற்பதும் அதை நம்பித்தான். இரண்டு ஓலைத் துண்டைக் குறுக்கே பின்னி, நடுவில் உடைமரத்து முள்ளைக் குத்தி, சோளத்தட்டையில் செருகினால் முடிந்தது. துளை முள்ளைவிட ஒரு மயிரளவு பெரிதாக இருக்கணும். அது கைப்பழக்கத்தில் வருவது, சொல்லிக்கொடுக்க முடியாது.

பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவதற்கு மாசக் கணக்கு கிடையாது. பெண்பிள்ளைகள் தேங்காய்ச் சிரட்டையில் மணல்சோறு ஆக்குவார்கள். அம்பாசமுத்திரம் மரச்செப்பும் உண்டு, ஆனால் அது கோயில் கொடைக்கும் திருவிழாவுக்கும் காசு கொடுத்து வாங்குவது, இந்தக் கணக்கில் சேராது.

உங்கள் பிள்ளைக்குச் செய்துகொடுக்க நினைத்தால் நுங்கு வண்டியில் தொடங்குங்கள். ரோட்டோரம் விற்பவர்கள் காயைப் பிளந்து சுளையை மட்டும் எடுத்துத் தருவார்கள். "அண்ணாச்சி, பிளக்காண்டாம், மேல சீவிக் கண்ணு மட்டும் தொறந்து தாங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.