படகில் செராம்பூர்: வயதான தாயாருடன் ஒரே நாளில் போய்வரலாமா?

கொல்கத்தாவில் அலுவல் முடிந்தபின் ஒரு நாள் மிச்சமிருக்கிறது, எழுபது வயதுத் தாயாரும் உடன் வருகிறார், ஹூக்ளி ஆற்றில் படகேறிச் செராம்பூர் சென்று மாலைக்குள் திரும்ப இயலுமா என்று சென்னை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தாராளமாக இயலும். ஆனால் கொல்கத்தாவிலிருந்தே படகில் செல்லும் எண்ணம் வேண்டாம். சியால்தாவில் புறநகர் ரயிலேறிப் பாரக்பூரில் இறங்கி, தோபி காட் படகுத்துறைக்கு வந்தால், எதிர்க்கரையில் தெரிவதுதான் செராம்பூர். ஆற்றைக் கடக்க அதிக நேரம் ஆகாது. உள்ளூர் மக்கள் அன்றாடம் சென்றுவரும் படகு என்பதால் முன்பதிவும் தேவையில்லை, சில்லறை வைத்திருங்கள்.

தாயாரை முன்னிட்டுக் கவனிக்க வேண்டியது படகைவிடப் படகுத்துறையைத்தான். ஹூக்ளியில் கடலின் ஏற்றவற்றம் கொல்கத்தாவையும் தாண்டி மேலே வருவதால், கரையையும் மிதவை மேடையையும் இணைக்கும் நடைபாலம் நீர் ஏறியிருக்கும்போது ஏறக்குறையச் சமமாகவும், வற்றியிருக்கும்போது நல்ல சரிவாகவும் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்தச் சரிவே சோதனை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் கடல்நீர் ஒரே அலையாக ஆற்றுக்குள் பாய்ந்து வரும். அந்நேரத்தில் படகுகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே நாள் குறிக்குமுன் நாட்காட்டியில் திதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரைப் பார்க்கத் தமிழர்களுக்குத் தனிக் காரணம் உண்டு. நம் தரங்கம்பாடியைப் போலவே செராம்பூரும் டென்மார்க்கின் ஆளுகையில் இருந்தது. 1755-இல் அவர்கள் கைக்கு வந்த இவ்வூரையும் தரங்கம்பாடியையும் 1845-இல் ஆங்கிலேயக் கம்பெனி பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குச் சேர்த்தே வாங்கியது. ஆங்கிலேயக் கம்பெனி தன் எல்லைக்குள் மதபோதகர்களை அனுமதிக்காத காலத்தில், டேனியர்களின் பாதுகாப்பை நம்பி 1800-இல் இங்கு குடியேறிய வில்லியம் கேரியும் அவருடைய தோழர்களும் நிறுவிய அச்சகம் பல இந்திய மொழிகளில் நூல்களை அச்சிட்டது. 1812-இல் அது தீக்கிரையானபோது உருகிப்போன அச்செழுத்துகளில் தமிழும் இருந்தது.

முதலில் புனித ஓலாவ் தேவாலயத்துக்குச் செல்லுங்கள். 1806-இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் முகப்பில், தூண்களுக்கு மேலே, டென்மார்க் மன்னர் ஏழாம் கிறிஸ்டியனின் பெயரெழுத்துச் சின்னத்தை இன்றும் காணலாம். சிதிலமடைந்திருந்த இக்கட்டடத்தைச் சீரமைத்த பணிக்கு 2016-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அந்தப் பாராட்டு முற்றிலும் தகும். ஆற்றோரத்தில் 1786-ஆம் ஆண்டைச் சேர்ந்த டென்மார்க் டேவர்ன் விடுதி 2018-இல் உணவகமாக மறுபடி திறக்கப்பட்டது. வெயில் ஏறும் வேளையில் தாயாரை அங்கே அமரவைத்து இளைப்பாறச் செய்யலாம்.

அங்கிருந்து, 1818-இல் தொடங்கப்பட்ட செராம்பூர் கல்லூரிக்கு டோட்டோ எனப்படும் மின்வண்டியில் செல்லுங்கள், நடக்கவைக்க வேண்டாம். ஆற்றைப் பார்த்து உயர்ந்த தூண்களுடன் நிற்கும் பழைய கட்டடத்துக்காகவே அங்கு போகலாம். இப்போதும் பாடம் நடக்கும் கல்லூரி ஆதலால், வாயிலில் அனுமதி கேட்டே உள்ளே செல்ல வேண்டும். ஞாயிறும் விடுமுறை நாட்களும் இதற்கு உதவா.

திரும்பும்போது மறுபடி ஆற்றைக் கடக்க வேண்டியதில்லை. செராம்பூர் நிலையத்திலிருந்து ஹவுராவுக்கு மின்சார ரயில்கள் அடிக்கடி உண்டு. காலையில் கூட்டம் கொல்கத்தாவை நோக்கி வரும், மாலையில் அங்கிருந்து வெளியேறும். நீங்கள் இரு வேளையும் அதற்கு எதிர்த்திசையில் செல்வதால், வேலைநாளிலும் தாயாருக்கு உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.