தகப்பன் வழி வந்தால் மட்டும்

கேள்வி: அமெரிக்காவில் பின்பக்கம் புடைத்த செம்மறி இனம் ஒன்று உண்டாம். அப்படிப்பட்ட கிடாவையும் பெட்டையையும் சேர்த்தாலும் பெரும்பாலான குட்டிகள் சாதாரணமாகத்தான் இருக்குமாமே. பெற்றோர் பண்பு பிள்ளைக்கு வரும் கணக்கைச் சொல்லும் மெண்டல் விதி இங்கே செல்லாதா?

பதில்: அது இனம் அல்ல, ஒரு பண்பு. ஓக்லஹோமாவில் 1983-இல் பிறந்த ‘சாலிட் கோல்ட்’ என்ற டார்செட் இனக் கிடாவிடமிருந்து கிளம்பியது. பெயர் காலிபீஜ், கிரேக்கத்தில் ‘அழகிய பிட்டம்’. பெயர் வைத்தவர்களுக்குக் குறும்பு அதிகம்! 18-ஆம் குரோமோசோமில் டி.என்.ஏ.வின் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது: ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜி’.

மரபணு மெண்டல் கணக்குப்படிதான் பிரிகிறது. வேலை செய்வதில்தான் வில்லங்கம். மாறிய பிரதி தகப்பனிடமிருந்தும் மாறாத பிரதி தாயிடமிருந்தும் வந்த குட்டிக்கு மட்டுமே தொடை புடைக்கும். தாய்வழி மட்டும் வந்தால் இல்லை. இரண்டு வழியிலும் வந்தாலும் இல்லை! அதனால் நீங்கள் சொன்ன ஜோடிக்கு, இருவரிடமும் ஒவ்வொரு பிரதி மாறியிருப்பதால், சராசரியாக நாலில் ஒரு குட்டிதான் தேறும். இரண்டு பிரதியும் மாறிய கிடாவோ பார்வைக்குச் சாதாரணம். மாற்றமில்லாத பெட்டைகளோடு சேர்த்தால் அத்தனை குட்டிகளும் புடைத்தவை. கண்ணை நம்பிக் கிடா பொறுக்குபவர் ஏமாறும் இடம் இதுதான். பிறந்தவுடன் பார்த்தும் பயனில்லை, சில வாரம் கழித்தே தசை திரளும். டி.என்.ஏ. சோதனையும் ஒரு பிரதி மாறியிருக்கிறது என்று சொல்லுமே தவிர, யார் வழி வந்தது என்று சொல்லாது. பெற்றோரையும் சோதிக்க வேண்டும்.

பாலூட்டிகளின் சில மரபணுக்களில் தாய்வழி, தகப்பன்வழி என்ற முத்திரை உண்டு. காலிபீஜ் மாற்றம் உள்ள பகுதியில் டி.எல்.கே.1, பெக்11 என்ற இரண்டு மரபணுக்களும் தகப்பன்வழிப் பிரதியில் மட்டுமே இயங்கித் தசையை வளர்க்கின்றன. தாய்வழிப் பிரதி தருவது புரதமாகாத ஆர்.என்.ஏ.க்களை, அவை தகப்பன்வழி மரபணுக்களின் செய்தியை அடக்குகின்றன. இருபக்கமும் மாறியிருந்தால் முடுக்கமும் அடக்கமும் சேர்ந்தே ஏறுகின்றன என்பதுதான் விளக்கம். முத்திரை நிரந்தரமல்ல. விந்தோ முட்டையோ உருவாகும்போது பழையது அழிந்து, அந்த ஆடு கிடாவா பெட்டையா என்பதற்கேற்பப் புதிதாகக் குத்தப்படும்.

கறி கூடும், கொழுப்பு குறையும். ஆனால் முதுகுக்கறி ரப்பர்தான்: அறுத்தபின் கறியை மெதுவாக்கும் கால்பெயின் நொதியை, மிகுந்துபோன கால்பஸ்டாட்டின் என்ற புரதம் தடுத்துவிடுகிறது.

கேள்வி: இப்படி யார் வழி வந்தது என்று பார்க்கும் மரபணு மனிதரிலும் உண்டா?

பதில்: உண்டு. 15-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு தகப்பன்வழியில் இல்லாமற்போனால் பிராடர்-வில்லி என்ற நோய்: குழந்தை துவண்டு கிடக்கும், பின்னாளில் அடங்காத பசி. அதே துண்டு தாய்வழியில் போனால் ஏஞ்சல்மன் என்ற நோய்: பேச்சு வராது, வலிப்பு வரும். சந்தேகம் வந்தால், டி.என்.ஏ.வில் அந்த முத்திரையைப் பார்க்கும் மெத்திலேற்றச் சோதனையை முதலில் செய்ய வேண்டும். பிராடர்-வில்லி அதில் அநேகமாகத் தப்பாது. ஏஞ்சல்மன் தப்பலாம், சந்தேகம் நீடித்தால் அந்தத் துண்டில் உள்ள யு.பி.இ.3ஏ மரபணுவைத் தனியே வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும்.